நாற்பது சதவீதத்தில் நின்ற லேப்டாப்

என்னால் ஒரே இடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார முடியாது. அடுப்பில் பால் வைத்தால், அது பொங்குவதற்குள் துணியைக் காயப்போட்டுவிடலாம் என்று மொட்டைமாடிக்கு ஓடுவேன். திரும்பி வரும்போது பால் வழிந்து அடுப்பே அணைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையின்போது சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் என் கால் தானாக ஆட ஆரம்பிக்கும். என் கணவர் யாருக்கும் தெரியாமல் முழங்காலை அழுத்திப் பிடிப்பார். இப்படிப்பட்ட நான் ஒரு லேப்டாப்பின் ஃபர்ம்வேரை மாற்ற உட்கார்ந்ததே முதல் தப்பு.

அந்த லேப்டாப்தான் எனக்குச் சோறு போட்டது. வேறு மொழித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. திரையில் இருப்பவள் வாயை அகலத் திறந்து முடித்தால் நானும் 'வா', 'போடா' என்று திறந்து முடிக்க வேண்டும். உதட்டை மூடினால் 'ம்' வேண்டும். எழுதியதைக் கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் கொடுப்பேன். அந்த முறை இருபத்தாறு அத்தியாயம், நான்கு மாத உழைப்பு, முழுவதும் அந்த ஒரு டிஸ்கில் இருந்தது. கதை வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் டிஸ்குக்குப் பூட்டு போட்டிருந்தேன். அந்த லேப்டாப்பின் போர்டில் இருந்தால் மட்டும் திறக்கும் பூட்டு. கழற்றி வேறு மிஷினில் மாட்டினால் திறக்காது. பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று என் கணவர் பிறகு கேட்டார். இரண்டாவது அத்தியாயம் வரை எடுத்திருந்தேன்.

பிரச்சினை பேட்டரியில் ஆரம்பித்தது. பழைய பேட்டரி செத்துவிட்டது. கம்பெனி அந்த மாடலுக்குப் பேட்டரி தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. வெளியே வாங்கிய பேட்டரியைப் போட்டால், இது என்னுடையது இல்லை, சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்று லேப்டாப் அடம் பிடித்தது. அப்படி அடம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பது போர்டில் எட்டுக் காலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன சிப். மிஷின் கண் விழித்ததும் முதலில் படிப்பது அதில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரலைத்தான். யாரோ புண்ணியவான்கள் அந்தப் பேட்டரி விதியை மட்டும் நீக்கி, மாற்றிய ஃபர்ம்வேரை இணையத்தில் போட்டிருந்தார்கள். அதை சிப்பில் ஏற்றிவிட்டால் எந்தப் பேட்டரியையும் ஏற்றுக்கொள்ளும். நானும் எத்தனை நாளைக்குத்தான் கரண்ட் கண் சிமிட்டும்போதெல்லாம் எழுதியதை இழப்பது?

எப்படி ஏற்றுவது என்று அவர்கள் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். முதலில் இருக்கும் ஃபர்ம்வேரை அப்படியே பிரதி எடுத்து வேறு இடத்தில் வை என்றிருந்தது. பென் டிரைவைத் தேடினேன், கிடைக்கவில்லை, தேடியது போதும் என்று விட்டுவிட்டேன். டிஸ்க் பூட்டின் மாற்றுச் சாவியாக ஒரு நீண்ட எண் இருக்கும், அதைக் காகிதத்தில் எழுது என்றிருந்தது. அதைப் படித்தபோது கையில் பேனா இல்லை. பேட்டரி நிறைய சார்ஜ் இருக்க வேண்டும் என்றிருந்தது. பேட்டரி இருந்தால் நான் ஏன் இந்த வேலைக்கு வருகிறேன்? பேட்டரியைப் பார்க்காதே என்று ஒரு வரியைச் சேர்த்து அந்தச் சோதனையையும் தாண்டினேன். ஒன்றே ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். கரண்ட் போனாலும் போகாமல் இருக்க, இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்காகப் பார்த்துச் சார்ஜரைச் செருகினேன். ஏற்றும்போது நடுவில் நின்றால் சிப் பாதி பழசும் பாதி புதுசுமாகி மிஷின் செத்துவிடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் சாந்தோம் பக்கம் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. கணவர், மாமனார், நான் என்று மூன்று பேர். மாமா ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். தினமும் சாயங்காலம் ஒவ்வொரு மேசையிலும் கேஸ் குழாயை மூடி, ஒவ்வொரு சுவிட்சையும் அணைத்து, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாராம். ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. யாராவது ஓர் அறையை விட்டு எழுந்தால் பின்னாலேயே போய் ஃபேன், லைட், பிளக் என்று வரிசையாக அணைப்பார். நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே லைட் போயிருக்கிறது. அவர் வந்து அணைக்கும் அவமானத்துக்குப் பயந்து நாங்களும் எழும்போதே அணைக்கப் பழகிவிட்டோம். பத்தொன்பது வருடப் பயிற்சி.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. கணவர் வேலைக்குப் போயிருந்தார். பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். திரையில் சதவீதம் ஊர்ந்தது. கீழேயிருந்து வாட்ச்மேன் கேஸ் வந்திருப்பதாகக் குரல் கொடுத்தார். போன தடவை கேஸ்காரர் படியைப் பார்த்துவிட்டு சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டதால் மாமாவுக்கு அது ஒரு கவலை. என் அறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் போய் கூட்டிக்கினு வரேம்மா. இல்லன்னா இந்த ஆளு வுட்டுட்டுப் பூடுவான்."

வாசலை ஒட்டித்தான் சுவிட்ச் போர்டு. அவர் போனார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். பத்து, பதினெட்டு, இருபத்தைந்து. எழுந்து நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது வந்தபோது காலிங் பெல் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். மாமா முன்னால், சிலிண்டரோடு கேஸ்காரர் பின்னால். மூவரும் சமையலறைக்குள் போனோம். மாமா சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் விட மாட்டார். கேஸ்காரர் கேட்ட நம்பரைப் போனில் தேடிச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

ஃபேன் நின்றிருந்தது. திரை கறுப்பாக இருந்தது. சுவரில் பிளக் சுவிட்ச் அணைந்திருந்தது.

அதைப் போட்டு, லேப்டாப் பட்டனை அழுத்தினேன். ஒரு விளக்கு ஒருமுறை மின்னிவிட்டுப் போனது. மறுபடி அழுத்தினேன். அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, காது கேட்காது. சமையலறைக்குப் போய்க் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"அணைச்சிட்டீங்கல்ல? நாலு மாச வேல மாமா! கைய வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா? இன்னா செய்றோம்னு கூட ஞாபகம் இல்ல உங்களுக்கு. மறதி முத்திப்போச்சு!"

கேஸ்காரர் காலி சிலிண்டரைத் தோளில் வைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா தரையில் சிந்திய சோப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"நானாம்மா? நான் அணைக்கலியே…" என்றார். பிறகு என் அறைப் பக்கம் பார்த்தார். "கீழ போசொல்லோ அணைச்சிட்டேனா? ஞாபகம் இல்லியேம்மா."

"அதத்தான் சொல்றேன்," என்றேன்.

அந்த வாரம் நான் வீட்டிலேயே இல்லை. ஞாயிறன்று பூசைக்குக்கூடப் போகாமல் கடை தேடினேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட லஸ் முனையில் ஆட்டோ நகராது. இறங்கி நடப்பேன், வேர்த்து வழியும், மறுபடி வேறு ஆட்டோ. அடையாறில் ஒருவர் போர்டையே மாற்ற வேண்டும் என்றார். போர்டை மாற்றினால் டிஸ்க் திறக்காது என்று நான் சொன்னதும், அப்படியென்றால் டிஸ்கை மறந்துவிடுங்கள் என்றார். ஸ்டூடியோவிலிருந்து ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். "அக்கா, அடுத்த திங்கக்கிழமை ஆர்ட்டிஸ்டை எல்லாம் வரச் சொல்லிட்டோம்." கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். தேதியில் கொடுக்கவில்லை என்றால் அந்த வட்டாரத்தில் அடுத்த வேலை கிடைக்காது. இரவெல்லாம் புரண்டேன்.

செவ்வாய்க்கிழமை தி. நகரில், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு குறுகலான மாடியில் லேப்டாப் ரிப்பேர் செய்யும் அந்த பாயைக் கண்டுபிடித்தேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். இந்த ஊரில் என்னை முழுவதும் பேசவிட்ட முதல் ஆள்.

"நடுவுல நின்னுச்சா? அப்டின்னா சிப்பு சாவலக்கா, உள்ள இருக்கிற எழுத்து தான் கொழம்பிக்கீது," என்றார். "உங்க மிஷினோட நம்பரு, கிம்பரு எல்லாம் ஒரு மூலைல இருக்கும். அது அழியாம இருந்தா பொழச்சிக்கும். மொதல்ல உள்ள இருக்கிறத அப்டியே படிச்சு எடுக்கணும்."

அவரே செய்தால் வரிசைப்படி அடுத்த வாரம் ஆகும். எனக்கா அத்தனை பொறுமை? சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பையும், அதைக் கணினியோடு இணைக்கும் குட்டிப் பலகையையும் அவரிடமே வாங்கினேன். கிளிப் பார்ப்பதற்குத் துணி கிளிப் மாதிரிதான் இருந்தது. அவர் சில விஷயங்களை மிரட்டியே சொன்னார். லேப்டாப்பில் பேட்டரி, சார்ஜர் எதுவும் இருக்கக்கூடாது. இந்த சிப்புக்கு 3.3 வோல்ட்டுக்குமேல் போகக்கூடாது. சிவப்பு ஒயர், சிப்பில் புள்ளி இருக்கும் காலுக்குத்தான் வர வேண்டும்.

"அப்புறம் முக்கியமானது. ரெண்டு தபா படிங்க. ரெண்டும் ஒரே மாதிரி வந்தா தான் நம்பணும். மாறிச்சின்னா கிளிப்பு சரியா ஒக்காரல. நம்பாம எதுவும் எழுதிறாதீங்க."

வீட்டில் மாமா மாறியிருந்தார். நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. புதன்கிழமை மாலை வந்தபோது ஹாலில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். ஏன் லைட் போடவில்லை என்றேன். "எதையாவது மாத்தி அமுக்கிடப் போறேன்னு தான்மா," என்றார். சாப்பிட்டு எழுந்ததும், "இத அணைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அணைத்தார். பேனா தேடியபோது அவர் மேசையில் ஒரு பாக்கெட் நோட்டு கிடந்தது. திறந்தேன். 'காலை 6.10 பாத்ரூம் லைட், அணைத்தேன். 6.25 ஹால் ஃபேன், தொடவில்லை.' பக்கம் பக்கமாக அந்த ஆய்வகக் கையெழுத்து. எனக்கு உறைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், இனிமேலாவது ஜாக்கிரதையாக இருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அன்று கணவர் மெதுவாகச் சொன்னார். "அப்பா மறதிக்கு டாக்டரைப் பாக்கணும்ன்றாரு. அவரே கேட்டாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடையாறுல நேரம் வாங்கிக்கீறேன்." பிறகு, "வீட்டு வழிய மறந்துடுவனா நைனான்னு கேக்குறாரு," என்றார்.

நான் கிளிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நல்லதுதானே என்றேன்.

வியாழக்கிழமை கணவரின் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு சிப்பைப் படிக்க ஆரம்பித்தேன். முதல் முறை சிப் காலி என்று காட்டியது. கிளிப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சரிசெய்து இரண்டு முறை படித்தேன், இரண்டும் வேறு வேறு. கிளிப்பைக் கழற்றி, மாட்டி, கழற்றி, மாட்டி, விரல் நுனி சிவந்துபோனது. கடைசியில் இரண்டு பிரதிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. பாய்க்குப் போனில் அனுப்பினேன். என் மிஷினுக்கே உரிய அந்த மூலை அழியாமல் இருக்கிறது என்றார். அதை மட்டும் எடுத்து, கம்பெனியின் பழைய ஃபர்ம்வேரோடு சேர்த்து ஒரே கோப்பாக்கி மறுநாள் மதியம் அனுப்பினார். பேட்டரி ஆசையெல்லாம் அப்புறம், முதலில் உயிர் வரட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தக் கோப்பை சிப்பில் எழுத ஆரம்பித்தேன். அதே அறை, அதே நாற்காலி, அதே பிளக்கில் கணவரின் லேப்டாப். மாமா வீட்டில் இல்லை. டாக்டரிடம் காட்டப் பழைய மருந்துச் சீட்டுகளை ஜெராக்ஸ் எடுக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். முப்பது, முப்பத்தைந்து.

காலிங் பெல் அடித்தது. எழுந்து அறை வாசலுக்குப் போனேன். பின்னால் ஏதோ மாறியதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். லேப்டாப்பின் திரை ஒரு படி மங்கியிருந்தது. சார்ஜர் நின்று, பேட்டரியில் ஓட ஆரம்பித்தால் அது அப்படித்தான் மங்கும். தலைக்கு மேலே ஃபேன் வேகம் குறைந்து சுற்றிக்கொண்டிருந்தது.

என் வலது கை இன்னும் சுவிட்ச் போர்டின் மேல் இருந்தது.

இரண்டு விரல். ஒன்று ஃபேனில், ஒன்று பிளக்கில். நான் அதைச் செய்தது எனக்கே தெரியவில்லை. பெல் இரண்டாவது முறை அடித்தது. நான் நகரவில்லை. நகராமல் நான் நின்ற நேரம் என் வாழ்க்கையில் அதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை பெல் அடித்தபோது திரையில் நாற்பது இருந்தது. அதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். அப்போது மாமா பூட்டிய கதவுக்கு வெளியே, கேஸ்காரரோடு நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்ததே நான். அதன்பிறகு சமையலறையில் என் கண்ணெதிரேதான் இருந்தார். கீழே போகும்போது அவர் அணைத்திருந்தால் திரை நாற்பதுக்கு வந்திருக்கவே முடியாது. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஆறு நாள் ஆனது. அவரால் போடவே முடியாது, ஏனென்றால் அந்த நாற்பதைப் பார்த்தது நான் மட்டும்தான். அவருக்குக் கிடைத்தது என் வார்த்தை ஒன்றுதான்.

கதவைத் திறந்தேன். மாமா ஜெராக்ஸ் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சட்டைப்பையில் அந்த நோட்டு. மூச்சு வாங்கியது.

"இன்னாம்மா, வேல நடக்குதா? நான் அப்புறமா பெல் அடிச்சிருக்கலாம்."

"மாமா, அன்னிக்கு சுவிட்ச நீங்க அணைக்கல. நான்தான் அணைச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பெல், நாற்பது, கேஸ்காரர், இப்போது என் கை இருந்த இடம். மன்னித்துவிடுங்கள் என்பதை எந்த இடத்தில் சொன்னேன் என்று ஞாபகமில்லை, பல இடத்தில் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியாம்மா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

அவர் காகிதங்களை மடியில் அடுக்கினார். மறுபடி அடுக்கினார். "போய் அத மொதல்ல பாரு, எரிஞ்சிகிஞ்சி போவப்போவுது," என்றார்.

போனேன். எழுதி முடித்திருந்தது. எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டதில் எல்லாம் சரி என்று காட்டியது. கிளிப்பைக் கழற்றி, சார்ஜரை மாட்டி, பட்டனை அழுத்தினேன். இருபது நொடி கறுப்பு, அப்புறம் வெளிச்சம். டிஸ்க் திறந்தது. இருபத்தாறு அத்தியாயமும் வரிசையாக இருந்தன. ஆறு நாளாக இதற்காகத்தான் ஊரெல்லாம் ஓடினேன். சந்தோஷப்படக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் ஹாலுக்குத் திரும்பினேன்.

மாமா நோட்டைக் கையில் எடுத்து, பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"இன்னொரு தபா சொல்லும்மா," என்றார். "பெல் அடிச்சதுலேர்ந்து. நிதானமா."

அவர் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பெல் அடித்ததிலிருந்து சொன்னேன். திரையில் நாற்பது, கதவுக்கு வெளியே அவர், சுவிட்சில் என் கை. அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். முதல் முறை சொன்னதும் இரண்டாவது முறை சொன்னதும் ஒன்றாக இருக்கிறதா என்று மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் உதட்டு அசைவிலேயே தெரிந்தது. பேனாவை மூடினார். அதற்கப்புறம்தான் அழுதார்.